வீரையா அண்ணன் படமும் ஒரு பென்டிரைவும்

நான் ரிட்டயர் ஆகி வந்த பிற்பாடு எங்க ஆஸ்பத்திரியில அந்தப் பென்டிரைவ் கதை வளந்துக்கிட்டே போகுது. போன வாரம் கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல பார்மஸிப் பொண்ணு ஒண்ணு என்னைப் பாத்துட்டு, ராத்திரி பகலா பென்டிரைவைக் கையில பிடிச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தது நீங்கதானேக்கான்னு கேக்குது. ராத்திரி பகலாவாம்! சோறு தண்ணி யாரு ஊட்டி விட்டாங்களாம்? இன்னொருத்தர் சொல்லிக்கிட்டுத் திரியுறாராம், மொத்த ஆஸ்பத்திரியும் அந்தப் பென்டிரைவுக்குள்ள அடங்கியிருந்துச்சுன்னு. இப்படியே விட்டா அடுத்த வருஷம் நான் அதை முழுங்கினதாவே ஆக்கிடுவாங்க. அதனால நடந்ததை நடந்தபடி நானே எழுதிடுறேன். அன்னிக்கு ஒரு மனுஷனோட பழைய நெஞ்சு எக்ஸ்ரே கெடைக்குமா கெடைக்காதாங்கிறதுதான் விஷயம். பென்டிரைவெல்லாம் அதுக்கு அப்பறம்தான்.

என் பேரு ரீத்தா. ஆவூர்ப் பக்கம். புதுக்கோட்டையில ஒரு இன்ஸ்டிட்யூட்டுல டைப்பிங்கும் கொஞ்சம் கம்ப்யூட்டரும் படிச்சுட்டு, மிஷன் ஆஸ்பத்திரி ஒண்ணுல சீட்டுப் போடுற எடத்துல வேலைக்குச் சேந்தேன். பேரு, வயசு, ஊரு, ஒடம்புக்கு என்ன. இதையே வருஷக்கணக்கா தட்டினேன். அப்பறம் ஆஸ்பத்திரிக்கு சர்வர்னு ஒரு பெட்டி வந்துச்சு. அதைத் தொடைச்சு வைக்க ஆள் வேணும்னாங்க. தொடைக்கப் போனவ அங்கயே தங்கிட்டேன். சர்வரை ஓட்டுற லினக்ஸெல்லாம் அங்க ஒக்காந்து கத்துக்கிட்டதுதான். படிச்ச கதை அவ்வளவுதான், அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பா இருந்தவரு துரைக்கண்ணு சார். திருவரங்குளத்துக்காரர். விமானப்படையில, பறக்குற வேலை இல்ல, விமானம் கெளம்புறதுக்கு முன்னாடி கீழ நின்னு ஒவ்வொண்ணாச் சரிபாத்து அனுப்புற வேலை. அங்கேருந்து ஓய்வு வாங்கிட்டு எங்ககிட்ட வந்தாரு. சட்டையை உள்ள விட்டு பெல்ட் போட்டு, முதுகு வளையாம நிப்பாரு. என்னை விட எவ்வளவோ பெரியவரு, ஆனாலும் வாங்க போங்கன்னுதான் பேசுவாரு. ரீத்தாம்மான்னுதான் கூப்பிடுவாரு. பிரச்சினைங்கிற வார்த்தையை அவர் வாயில நான் கேட்டதே இல்ல. காலையில வந்ததும் நிலவரம் என்னம்பாரு. சர்வர் எரிஞ்சு போச்சுன்னு சொன்னாலும், எந்தப் பக்கம்னுதான் கேப்பாருன்னு நாங்க பின்னாடி சிரிச்சுக்குவோம்.

அவரு ஒரு முறை வச்சிருந்தாரு. சர்வர்ல எதையாச்சும் மாத்தணும்னா ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் ஒக்காந்து கமாண்டை டைப் பண்ணணும். எண்டர் தட்டக் கூடாது. கையை எடுத்து மடியில வச்சுக்கணும். டைப் பண்ணதை எழுத்து எழுத்தா, எடைவெளி உள்பட, சத்தமா வாசிக்கணும். பின்னாடி நிக்கிறவரு அதைக் கேட்டுட்டு, இது என்ன செய்யும்னு நம்ம தமிழ்ல சொல்லணும். அப்பறம் ஒரு கேள்வி: "திரும்புற வழி என்ன?" அதாவது இது தப்பாப் போச்சுன்னா முன்ன இருந்தபடி எப்படிக் கொண்டாருவீங்க. அதுக்குப் பதில் வந்தாத்தான் தட்டுங்கம்பாரு. பதில் இல்லைன்னா டைப் பண்ணதை அழிச்சுட்டு எந்திரிச்சுடணும். ஆரம்பத்துல எனக்கு எரிச்சலா வரும். ஒரு போல்டருக்குப் பேரு மாத்தறதுக்கு இம்புட்டு மந்திரம் ஓதணுமான்னு ஒருநாள் கேட்டே புட்டேன். அவரு கோவிச்சுக்கல. விமானத்துக்கும் இப்படித்தாம்மா, அது பறக்கும், இது பறக்காது, அம்புட்டுதான் வித்தியாசம்னாரு.

இனி விஷயத்துக்கு வாரேன். எங்க ஆஸ்பத்திரியில ஃபிலிம்ல எக்ஸ்ரே போடுறதை நிறுத்திட்டு எல்லாம் கம்ப்யூட்டருக்கே வர ஆரம்பிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. அத்தனையும் சர்வர்ல ஒரு டிஸ்க்குல கெடந்துச்சு. டிஸ்க் நெறைஞ்சுக்கிட்டு வந்துச்சு. அதை விட எனக்குப் பெரிய கவலை என்னன்னா, பேக்கப்புக்குன்னு வச்சிருந்த டிஸ்க் சின்னது. புதுப் படங்கள் மட்டும்தான் அதுல அடங்கும். பழைய படங்களுக்கு நகலே கெடையாது, சர்வர்ல இருக்கறதுதான் ஒண்ணே ஒண்ணு. அது போச்சுன்னா போச்சு. பெரிய டிஸ்க் கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.

அந்த நேரத்துல சர்வருக்குப் புது லினக்ஸ் போட்டோம். அதுல டிஸ்க்குல எழுதுறப்பவே ஃபைலைச் சுருக்கி எழுதுறதுக்குப் புதுசா ஒரு முறை வந்திருந்துச்சு. இசட்-ஸ்டாண்டர்டுன்னு பேரு. முன்னாடியும் ஒரு முறையில சுருக்கிக்கிட்டுதான் இருந்தோம், ஆனா அது சும்மா பேருக்கு. இது நல்லா இறுக்கும், வேகமும் கொறையாது. புளியை ஜாடியில சும்மா போட்டு வைக்கிறதுக்கும் உப்புப் போட்டு இடிச்சு அடைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். படம் ஒரு புள்ளி கூட மாறாது, தொறந்தா அப்படியே வரும். எல்லாப் படத்தையும் இப்படிச் சுருக்கிட்டா பழசும் புதுசும் சேந்து பேக்கப் டிஸ்க்குல அடங்கிடும். எனக்கு ஆசை வந்துடுச்சு. சாரும் சரின்னாரு.

இதுல ஒரு சூட்சுமம். புது முறையைப் போட்டுவிட்டா இனிமே எழுதுற ஃபைலுக்குத்தான் அது. ஏற்கெனவே கெடக்குற லட்சக்கணக்கான படத்தை எல்லாம் ஒரு தடவை எடுத்துத் திருப்பி எழுத வைக்கணும். அதுக்கு ஒரு கமாண்ட் இருக்கு. மொதல்ல சோதனை பண்ணிப் பாத்தோம். கொஞ்சம் படங்களைத் தனியா ஒரு போல்டருக்கு எடுத்து, சத்தமா வாசிச்சு, திரும்புற வழி சொல்லி, தட்டினோம். அழகாச் சுருங்குச்சு. எக்ஸ்ரே டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒரு குறையும் இல்லைன்னாங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை மொத்தத்தையும் பண்ணிடலாம், ஓபி இருக்காதுன்னு முடிவாச்சு.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் நேரா கம்ப்யூட்டர் ரூமுக்குப் போயிட்டேன். சார் எனக்கு முன்னாடியே வந்து கீபோர்டைக் கைக்குட்டையால தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. படம் பாக்குற புரோகிராமை நிறுத்தினோம். கமாண்டை வாசிச்சேன். தட்டுங்கன்னாரு. தட்டினேன். ஓட ஆரம்பிச்சுடுச்சு.

கொஞ்ச நேரத்துல டாக்டரம்மா வந்தாங்க. வழக்கமா சிரிச்சுக்கிட்டே வர்றவங்க, அன்னிக்கு முகம் சரியில்ல. எங்க ஆம்புலன்ஸ் டிரைவர் வீரையா அண்ணன் லைசென்ஸ் புதுப்பிக்கிறதுக்காக மெடிக்கல் செக்கப்புக்கு வந்தாராம். நெஞ்சு எக்ஸ்ரேயில நுரையீரல்ல காசு மாதிரி ஒரு நிழல் தெரியுதாம். அது புதுசா வந்த கட்டியாவும் இருக்கலாம், எப்பவோ ஆறிப்போன தழும்பாவும் இருக்கலாம். புதுசுன்னா ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பாக்கணும், மறுநாள் காலையிலயே தஞ்சாவூருக்கு அனுப்பணும், அப்பறம் என்ன வருமோ. ஆனா அவரு வேலைக்குச் சேந்தப்ப எல்லா ஸ்டாஃபுக்கும் எக்ஸ்ரே எடுத்தாங்க இல்ல, அந்தப் படத்துலயும் இதே நிழல் இதே அளவுல இருந்துச்சுன்னா ஒண்ணுமே வேண்டாம்.

"சாயங்காலத்துக்குள்ள அந்தப் பழைய படத்தை எடுத்துக் குடுங்க ரீத்தா. நேத்து அவர்கிட்ட சொன்னேன், நின்ன எடத்துலயே ஒக்காந்துட்டார்."

வீரையா அண்ணன்னா குன்றாண்டார்கோவில் பக்கத்து மனுஷர். அவர் வண்டி ஓட்டி எத்தனை உசுரு பொழைச்சிருக்குன்னு கணக்கே இல்ல. ஆளு எப்பப் பாத்தாலும் கேலி பேசிக்கிட்டே இருப்பாரு. அவருக்கா இப்படின்னு மனசே ஆகல. மதியத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும், முடிஞ்சதும் மொத வேலையா எடுத்துத் தரோம் டாக்டர்னு சார் சொன்னாரு. அவங்க போயிட்டாங்க.

அவங்க போன கையோட சார் ஸ்கிரீனைப் பாத்துட்டு, "எடம் கொறையுதே ரீத்தாம்மா. கூடணும்ல?"ன்னாரு. பாத்தா, டிஸ்க்குல காலி எடம் மளமளன்னு எறங்கிக்கிட்டு இருக்கு. சுருக்க விட்டா பெருகுது. நிறுத்தறதுக்குக் கையைக் கொண்டு போனேன், அதுக்குள்ள சர்வரே நின்னுடுச்சு. டிஸ்க் முழுசா ரொம்பி, இனிமே ஒரு எழுத்து கூட எழுத மாட்டேன்னு கதவைச் சாத்திக்கிச்சு.

என்ன நடந்துச்சுன்னு சொல்லிடுறேன், இது தெரியாமத்தான் கண்டபடி கதை கட்டுறாங்க. எங்க சர்வர் தெனம் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும். யாராவது தப்பா அழிச்சுட்டா நேத்து இருந்தபடி மீட்டுக்கலாம். இந்த ஸ்னாப்ஷாட் தனி நகல் இல்ல. ஒரே வீட்டுக்கு ரெண்டாவது சாவி மாதிரி. வீடு ஒண்ணுதான், அதனால கூடுதல் எடம் பிடிக்காது. நாங்க என்ன பண்ணோம், ஒவ்வொரு படத்தையும் புது வீட்டுக்குக் குடி மாத்தினோம். பழைய வீட்டை இடிச்சாத்தானே எடம் மிச்சமாகும்? அதோட சாவி ஸ்னாப்ஷாட் கையில இருக்கே, எப்படி இடிக்கும்? பழசும் நின்னுச்சு, புதுசும் எழும்புச்சு. நாங்க சோதனை பண்ண போல்டர் அப்பத்தான் உண்டாக்கினது, அதுக்கு ஸ்னாப்ஷாட்டே கெடையாது. அதான் அங்க அழகா நடந்துச்சு.

சரி, ஸ்னாப்ஷாட்டை அழிச்சா எடம் வந்துடுமேன்னு தோணும். எங்களுக்கும் தோணுச்சு. முடியல. இந்த வகை டிஸ்க்குல எதை அழிக்கணும்னாலும், இன்னதை அழிச்சேன்னு மொதல்ல வேற எடத்துல எழுதிக்கிட்டுத்தான் அழிக்கும். எழுத எடமே இல்லை. வீட்டுல குப்பையைக் கூட்டணும்னா நிக்கவாச்சும் கால் வைக்க எடம் வேணுமில்ல, அது கூட இல்லாத நெலமை. படம் பாக்குற புரோகிராமும் எழுத எடம் இல்லாம எந்திரிக்க மாட்டேன்னுடுச்சு. படமெல்லாம் உள்ளதான் இருக்கு, ஆனா வெறும் நம்பர் போட்ட ஃபைலா. எந்த நம்பர் வீரையா அண்ணன்னு அந்தப் புரோகிராமுக்குத்தான் தெரியும். ஒவ்வொண்ணாத் தொறந்து பேரைத் தேடலாம்தான். லட்சக்கணக்கான படத்தைக் கையால தொறந்து பாக்க வாரக்கணக்குல ஆகும், தஞ்சாவூர் வண்டி காலையிலயே கெளம்பிடும்.

வழி ஒண்ணு இருந்துச்சு. வேற ஒரு டிஸ்க்கைச் செருகி, இதுவும் உன்னோட ஒரு பகுதிதான்னு சர்வர்கிட்ட சொல்லிட்டா, அந்த எடத்துல கால் வச்சு ஸ்னாப்ஷாட்டை அழிச்சுக்கலாம். அழிச்சு எடம் வந்ததும் அதுல எழுதினதை எல்லாம் பெரிய டிஸ்க்குக்கே திருப்பி எடுத்துக்கிட்டு, செருகினதைக் கழட்டிடலாம். ஞாயித்துக்கெழமை கம்ப்யூட்டர் கடை எதுவும் தொறந்திருக்காது. பேக்கப் டிஸ்க்கைத் தொடவே கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. ஆபீஸ்ல கெடந்த பென்டிரைவெல்லாம் பொடிசு. என் மேசை டிராயர்ல மட்டும் பெருசா ஒண்ணு இருந்துச்சு. அது வீரையா அண்ணனோடது. சிங்கப்பூர்லேருந்து அவரோட மச்சினன் கொண்டாந்து குடுத்தது. ஆம்புலன்ஸ்ல திரும்பி வெறும் வண்டியா வர்றப்ப பாட்டுக் கேப்பாரு. புதுப் பாட்டு ஏத்தித் தாங்க தங்கச்சின்னு முந்தின நாள் செக்கப்புக்குப் போற வழியிலதான் குடுத்துட்டுப் போயிருந்தாரு.

அவருக்குப் போன் போட்டோம். தஞ்சாவூருக்கு ஒரு கேஸை எடுத்துக்கிட்டுப் போயிருந்தாரு. வண்டி ஓட்டுறப்ப எடுக்க மாட்டாரு. சரி, அவருக்காகத்தானேன்னு சார் துணிஞ்சாரு. அந்த அமளியிலயும் என்ன சொன்னாரு தெரியுமா? பாட்டை எல்லாம் மொதல்ல வேற கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணி வைங்க ரீத்தாம்மா, அடுத்தவங்க பொருள்னாரு. பண்ணி வச்சேன். அப்பறம் பென்டிரைவை சர்வர் பின்னாடி செருகிட்டு, சர்வரை மறுபடி எழுத விட்டு, கமாண்டை டைப் பண்ணிட்டுக் கையை மடியில வச்சேன். எழுத்து எழுத்தா வாசிச்சேன்.

"இது என்ன செய்யும்?"

"இந்தப் பென்டிரைவை சர்வரோட சேத்துடும் சார். அதுக்கப்பறம் வேலை முடியுற வரைக்கும் இதை யாராவது உருவினாலோ, பாதியில கரண்டு போனாலோ, மொத்தமும் போனாலும் போயிடும்."

"திரும்புற வழி?"

"இல்ல சார்."

நான் அழிக்கலாம்னு கையை எடுத்தேன்.

"தட்டுங்க"ன்னாரு.

இத்தனை வருஷத்துல அந்தக் கேள்விக்கு இல்லைன்னு பதில் வந்தும் அவர் தட்டச் சொன்னது அது ஒண்ணுதான். தட்டினேன். சேந்துக்கிச்சு. ஸ்னாப்ஷாட் ஒவ்வொண்ணா அழிய ஆரம்பிச்சுது. எனக்கு மூச்சு வந்துச்சு.

ஆனா பென்டிரைவ் வேகம் தெரியும்ல, நத்தை. பெரிய டிஸ்க்குக்கு எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்க நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது. எங்க ஆஸ்பத்திரியில இதுதான் பெரிய பாடு. எங்ககிட்ட பென்டிரைவுங்கிறது யாருக்கும் சொந்தம் இல்ல. எந்தக் கம்ப்யூட்டர்ல செருகியிருந்தாலும் வர்றவங்க படக்குன்னு உருவிக்கிட்டுப் போவாங்க. ரோஸ்டர் பிரிண்ட் எடுக்க, ஞானஸ்நான போட்டோ காட்ட, பாட்டு ஏத்த. கேட்டா, சும்மாதானே இருந்துச்சும்பாங்க. தொடாதேன்னு எழுதி ஒட்டினா அதைப் படிச்சுக்கிட்டே உருவுவாங்க. அதனால டிரஸ்ஸிங் ரூம்லேருந்து பிளாஸ்திரி வாங்கிட்டு வந்து பென்டிரைவைச் சுத்தி ஒட்டிட்டு, நானும் ஒரு ஸ்டூலைப் போட்டு அது பக்கத்துலயே ஒக்காந்துட்டேன். கையில பிடிச்சுக்கிட்டு இல்ல. பக்கத்துல. இதைத்தான் ராத்திரி பகலாக்கிட்டாங்க.

அப்பத்தான் கரண்டு போச்சு.

யுபிஎஸ் பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சுது. அதுல பேட்டரி பழசு, ரொம்ப நேரம் தாங்காது. ஜெனரேட்டர் ஆப்பரேஷன் தியேட்டருக்கும் பிரசவ வார்டுக்கும் மட்டும்தான், கம்ப்யூட்டர் ரூமுக்கு லைனே கெடையாது. அங்கேருந்து ஒயர் இழுக்க முடியுமான்னு பாக்க சார் ஓடினாரு. அந்த வயசுல அவர் ஓடி நான் பாத்ததே இல்ல. நான் மாதாவே மாதாவேன்னு சொல்லிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். வெளியில ஆம்புலன்ஸ் வந்து நிக்கிற சத்தம் கேக்குது. செருப்பைக் கழட்டிட்டு வீரையா அண்ணன் உள்ள வாராரு.

முகம் வாடிப் போயிருந்துச்சு. பென்டிரைவைப் பாத்தாரு. பாட்டு ஏறி முடிஞ்சுடுச்சுன்னு நெனைச்சுக்கிட்டாரு போல, நேரா வந்து பிளாஸ்திரியை உரிக்கக் கையை வச்சாரு. நான் பளீர்னு கையிலயே ஒண்ணு போட்டேன். என்னை விட மூத்தவரு, என்னை அறியாம அடிச்சுட்டேன்.

"தொடாதீங்கண்ணே. ஒங்க பழைய படம் இப்ப அதுலதான் தொங்கிக்கிட்டு இருக்கு."

மனுஷர் கையை அப்படியே இழுத்துக்கிட்டாரு. பென்டிரைவுக்கும் அவருக்கும் சம்பந்தம் என்னன்னு வேகமா நாலு வார்த்தையில சொன்னேன். எவ்வளவு புரிஞ்சுச்சோ தெரியாது, கரண்டு போனா போச்சுங்கிறது புரிஞ்சுடுச்சு. யுபிஎஸ் கத்துறதைக் கேட்டாரு. சார் கையை விரிச்சுக்கிட்டே உள்ள வந்தாரு. அம்மாந்தூரத்துக்கு ஒயர் இல்லையாம், எலக்ட்ரீஷியன் லீவாம்.

"வண்டியில இன்வெர்ட்டர் இருக்குல்ல சார்"ன்னாரு வீரையா அண்ணன்.

ஆக்சிஜன் மெஷின் ஓட்டுறதுக்காக ஆம்புலன்ஸ்ல பெரிய பேட்டரியும் இன்வெர்ட்டரும் வச்சிருந்தாங்க. எனக்கு அது சுத்தமா நெனவுக்கே வரல. சார் யோசிச்சாரு. வண்டி எங்களோடது இல்ல, சீக்காளியோடது. இங்க ஒயரைக் கட்டி நிறுத்தி வச்சிருக்கறப்ப யாருக்காச்சும் அவசரம்னு போன் வந்தா என்ன பண்றதுன்னு கேட்டாரு.

"வந்தா கழட்டிட்டுப் போயிடுவேன் சார்."

சரி, கொண்டாங்கன்னாரு. வண்டியைப் பின்பக்கமா எடுத்து ஜன்னலோரமா நிறுத்தினாரு. ஜன்னல் வழியா ஒயரைக் குடுத்து யுபிஎஸ்ல மாட்டினோம். பீப் சத்தம் நின்னுச்சு. அந்தச் சத்தம் நின்னதுல எனக்கு அழுகையே வந்துடுச்சு. பேட்டரியும் கொஞ்சம் கொஞ்சமா ஏற ஆரம்பிச்சுது.

அவரு உள்ள வரல. வண்டி இஞ்சினை ஓட விட்டுட்டு ஜன்னலுக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டாரு. அப்பப்ப எட்டிப் பாத்து, எம்புட்டு ஆச்சு தங்கச்சிம்பாரு. பாதிண்ணே. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி. முக்காவாசிண்ணே. பேச்சுக் குடுக்கணும்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, என்ன பேசுறதுன்னு தெரியல. ஒண்ணும் இருக்காதுண்ணேன்னு சொல்லலாம். தெரியாம எப்படிச் சொல்றது? சாரும் அவரும் டயர் காத்தைப் பத்தி என்னமோ பேசிக்கிட்டு நின்னாங்க.

முக்காவாசி தாண்டியிருக்கும். அவர் போன் அடிச்சுது. கந்தர்வக்கோட்டைக்கு அந்தாண்ட முந்திரித் தோப்புல ஒருத்தருக்குப் பாம்பு கடிச்சிருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே ஆத்திரம். அந்தப் பாம்பு மேலயா, போன் மேலயான்னு தெரியல. இன்னும் கொஞ்சம்தான்ணேன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரு இன்வெர்ட்டர் கிட்ட குனிஞ்சு ஒயரைப் பிடிச்சுட்டாரு.

"எடுக்குறேன் சார்."

"எடுங்க வீரையா."

எடுத்துட்டாரு. திரும்பிக் கூடப் பாக்கல. சைரன் கேட் தாண்டிப் போற வரைக்கும் கேட்டுச்சு. உள்ள யுபிஎஸ் மறுபடி கத்த ஆரம்பிச்சுது.

நானும் சாரும் நின்னுக்கிட்டே இருந்தோம். வண்டி நின்ன நேரத்துல பேட்டரி கொஞ்சம் ஏறியிருந்துச்சு, அதை நம்பித்தான். பீப் சத்தம் நெருங்கிக்கிட்டே வருது. ஸ்கிரீன்ல முடிஞ்சுதுன்னு வந்ததும் நான் பென்டிரைவுல கையை வச்சுட்டேன். சார் இருங்கன்னாரு. சரிபாக்காம எப்படின்னு கேட்டாரு. பாழாப்போன மந்திரம் இப்பவுமான்னு பல்லைக் கடிச்சேன். சர்வர்ல பென்டிரைவ் எங்கயும் ஒட்டிக்கிட்டு இல்லையேன்னு வாசிச்சுக் காட்டினேன். மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னாரு. அப்பறம்தான் எடுங்கன்னாரு. உருவினேன். சர்வரை முறையா நிறுத்தினோம். கொஞ்ச நேரத்துல யுபிஎஸ் செத்துப் போச்சு. பீப் சத்தம் இல்லாத அந்த ரூம்ல சார் ஸ்டூல்ல ஒக்காந்தாரு. அவர் முதுகு வளைஞ்சு நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

அந்தச் சுருக்குற வேலை என்னாச்சுன்னு கேப்பீங்க. அடுத்த வாரங்கள்ல அதையும் முடிச்சோம். இந்தத் தடவை ஸ்னாப்ஷாட் எடுக்குறதை நிறுத்தி வச்சுட்டு, ஒவ்வொரு போல்டரா, எடம் ஏறுதா எறங்குதான்னு பாத்துப் பாத்து. எல்லாப் பழைய படமும் பேக்கப் டிஸ்க்குல அடங்குச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த முறைதான் ஓடுது, ஒரு குறையும் இல்ல. புது முறை நல்ல முறைதான், அதுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட்டை நெனைச்சுக்கங்க, அவ்வளவுதான் என் பாடம். சார் தன் முறையில ஒரு கேள்வியைச் சேத்துக்கிட்டாரு: இதோட சாவி வேற யார் கையில இருக்கு?

இனி அன்னிக்குச் சாயங்காலத்துக்கு வாரேன். கரண்டு வந்துச்சு. சர்வரைப் போட்டோம். புரோகிராம் எந்திரிச்சுது. வீரையான்னு தேடினா வரிசையா வருது. நம்ம பக்கத்துல வீரையாவுக்குப் பஞ்சமா? ஊரையும் வயசையும் வச்சுச் சலிச்சு, ஸ்டாஃப் செக்கப்னு போட்டிருந்த படத்தைப் பிடிச்சேன். தொறந்துச்சு. டாக்டரம்மாவுக்கு ஆளனுப்பினோம். அவங்க வந்து பழசையும் புதுசையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டு இருக்கறப்பவே வண்டி வந்துடுச்சு. பாம்பு கடிச்சவருக்கு ஊசி போட்டாச்சு, பொழைச்சுக்குவாருன்னு சொல்லிக்கிட்டே வீரையா அண்ணன் வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வராம நெலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

டாக்டரம்மா அளந்து பாத்தாங்க. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அளந்தாங்க. அப்பறம் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாங்க.

"வாங்க வீரையா, இதைப் பாருங்க. அப்பவும் இதே எடத்துல, இதே அளவுல இருந்திருக்கு. இத்தனை வருஷமா மாறவே இல்ல. சின்ன வயசுல எப்பவோ கிருமி வந்து தானா ஆறின தழும்பு. நாளைக்கு எங்கயும் போக வேண்டாம்."

அவரு ரெண்டு படத்தையும் மாறி மாறிப் பாத்தாரு. அவருக்கு அதுல என்ன தெரிஞ்சிருக்கும்? ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்குங்கிறது தெரிஞ்சிருக்கும். நெசமாவா டாக்டர்னு கேட்டாரு. நெசம்னாங்க. சார் அவர் தோள்ல கையை வச்சாரு. நான் முந்தானையை வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். எனக்கு அன்னிக்கு இருந்த நிம்மதி, என் புள்ளைங்க பொறந்தப்பக் கூட இருந்துச்சான்னு தெரியல.

போனை எடுத்தாரு. வீட்டுக்குப் போட்டாரு. அவசரத்துல காதுல சரியா வைக்கல, அதனால அங்கிட்டுப் பேசினதும் எங்களுக்குக் கேட்டுச்சு.

"ஏ புள்ள, எனக்கு ஒண்ணும் இல்லையாம்"னாரு.

"என்ன ஒண்ணும் இல்ல? ஏன், ஒங்களுக்கு என்ன இருந்துச்சு?"

அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது, மனுஷர் வீட்டுல வாயே தொறக்கலைன்னு. முந்தின நாள் ராத்திரி முழுக்க அந்த நிழலோட தனியாப் படுத்துக் கெடந்திருக்காரு. எங்களை ஒரு தடவை பாத்தாரு, திருதிருன்னு முழிச்சாரு. அங்கிட்டு அந்தம்மா, என்னங்க, என்ன இருந்துச்சு, சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. இவருக்கு அப்பத்தான் ஒடைச்சுக்கிட்டு அழுகை வந்துச்சு. போனை என்கிட்ட நீட்டிட்டாரு.

நான் வாங்கிக்கிட்டேன்.

"அண்ணி, நான் ரீத்தா பேசுறேன். அவரு நல்லா இருக்காரு, இப்ப வீட்டுக்குத்தான் வாராரு. திட்டுறதா இருந்தா சோத்தைப் போட்டு, சாப்பிட்ட பொறவு திட்டுங்க"ன்னேன்.